தொடையில் நூற்று அறுபத்தைந்து டிகிரி

என் மகளுக்கு அப்போது பதினோரு வயது. நானும் அவள் அம்மாவும் பிரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர்கள் இருவரும் சான்டா கிளாராவில் இருந்தார்கள். நான் சான் ரமோனில், ஆபீஸுக்குப் பக்கத்திலேயே ஓர் ஒற்றைப் படுக்கையறை அபார்ட்மென்டில் இருந்தேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை மகள் என்னிடம் இருப்பாள் என்று கோர்ட்டில் ஏற்பாடு. நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கிற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை மட்டும் ஒரு வருடம் அவர்களுக்கு, ஒரு வருடம் எனக்கு. அந்த வருடம் என் முறை.

முறை என்றால் முழுசாகக் கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. டெக்சஸிலிருந்து மகளின் தாய்மாமா குடும்பத்தோடு வருகிறார், வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று அவள் அம்மாவிடமிருந்து மெசேஜ் வந்தது. ஆபீஸ் மெயில் மாதிரி, ஆங்கிலத்தில், ‘ப்ளீஸ்’ எல்லாம் போட்டு. பிரிந்த பிறகு நாங்கள் அப்படித்தான் எழுதிக்கொள்வோம். தாய்மாமா வருகிறார் என்றால் எங்கள் ஈரோட்டுப் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. சரி என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு, யார் மேல் என்று தெரியாத எரிச்சலோடு அரை நாள் திரிந்தேன்.

மகள் அம்மா இருக்கும் இடத்தை ‘ஹோம்’ என்பாள். நான் இருக்கும் இடம் ‘அப்பா பிளேஸ்’. அதில் குத்தல் ஒன்றும் கிடையாது, பாவம் குழந்தை. தோழியிடம் போனில் பேசும்போது வாயில் அப்படி வரும். எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும். வரும்போது ஒரு பையோடு வருவாள். போகும்போது பல் தேய்க்கும் பிரஷைக்கூட மறக்காமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போவாள். ஒரே ஒரு பண்டிகை நாளாவது அந்த அபார்ட்மென்ட் அவளுக்கு ஒரு வீடாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தீபாவளியும் பொங்கலும் வார நாட்களில் வந்து அவள் அம்மா பக்கம் போய்விட்டன. எனக்கு மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

“தேங்க்ஸ்கிவிங்குக்கு என்ன கண்ணு பண்ணலாம்?” என்று கேட்டேன். காரில் பின்சீட்டிலிருந்து யோசிக்காமல் பதில் வந்தது. “கேன் வீ மேக் எ டர்க்கி, அப்பா? லைக், எ ஹோல் ஒன்?”

லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனால் எல்லோரும் அவரவர் வீட்டு வான்கோழிக் கதையைச் சொல்வார்களாம். இவள் மட்டும் ஒவ்வொரு வருடமும் பிரியாணி என்று சொல்லியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. பிரியாணிக்கு என்ன குறைச்சல்? அந்த வான்கோழியை ஆபீஸ் பார்ட்டிகளில் நானும் தின்றிருக்கிறேன். பஞ்சை மெல்கிற மாதிரி இருக்கும். அதன் மேல் குழம்பு என்ற பெயரில் ஒன்றை ஊற்றி, பக்கத்தில் புளிப்பு ஜாமை வைத்துக் கொடுப்பார்கள். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். “பண்ணிடலாம்” என்றேன். “நோ மசாலா, ஓகே? ஜஸ்ட் நார்மல்” என்றாள்.

பன்னிரண்டு பவுண்டு வான்கோழி ஒன்றை முந்தைய ஞாயிற்றுக்கிழமையே வாங்கி வந்தேன். கல் மாதிரி உறைந்திருந்தது. வெளியே மேடையில் வைத்து இளக விடக்கூடாது, மேல்பக்கம் இளகி உள்பக்கம் உறைந்திருக்கும்போதே கிருமி பெருகிவிடும், ப்ரிட்ஜுக்குள் வைத்துத்தான் இளக்க வேண்டும் என்று அதன் உறையிலேயே போட்டிருந்தது. இவ்வளவு பெரிய கோழிக்கு ப்ரிட்ஜில் இடம் பண்ணுவதுதான் பெரிய பாடு என்று ஆபீஸில் எல்லோரும் புலம்பினார்கள். எனக்கு அந்தப் பாடே இல்லை. தயிர் டப்பாவையும் முட்டையையும் கதவுப் பக்கம் தள்ளினேன். மொத்த ப்ரிட்ஜும் வான்கோழிக்குக் கிடைத்தது. ராத்திரி தண்ணீர் குடிக்கத் திறக்கும்போதெல்லாம் அது ஒன்று மட்டும் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது. பேச்சுத் துணைக்கு ஆள் வந்த மாதிரி இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

புதன்கிழமை மகள் வந்தாள். வந்தவுடன் அவளுக்கும் எனக்கும் முதல் சண்டை. கோழியைச் சிங்க்கில் போட்டு, மஞ்சள்தூளும் கல்லுப்பும் கையில் எடுத்தேன். “நோ, நோ, யூ கான்ட் வாஷ் இட்!” என்று கத்தினாள். கழுவினால் தண்ணீர் தெறித்து, கிருமி அடுப்படி முழுக்கப் பரவுமாம். ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் கழுவாத கோழியை எங்கள் வீட்டில் நாய்க்குக்கூட வைக்க மாட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அவள் சொன்னது சரி என்று உறையிலும் இருந்தது. காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து, உப்பும் வெண்ணெயும் மிளகும் தடவித் திரும்ப ப்ரிட்ஜுக்குள் வைத்தேன். மனசு கேட்காமல் மஞ்சளை மட்டும் ஒரு சிட்டிகை அவளுக்குத் தெரியாமல் போட்டேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். காலையில் அவளுக்குப் பிடித்த தோசை ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்று மாவு அரைத்தேன். நவம்பர் குளிரில் மாவு புளிக்காது. இந்த ஊரில் நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலைதான்: மாவை ஓவனுக்குள் வைத்து, ஓவன் விளக்கை மட்டும் போட்டுவிட்டால் அந்தச் சூட்டிலேயே காலைக்குள் பொங்கி நிற்கும். நம் வீடுகளில் ஓவனில் சமைப்பவர்கள் யார்? கீழ்த்தட்டில் வாணலி, தோசைக்கல், குக்கர் மூடி, மேல்தட்டில் மாவு. அது நமக்கு அலமாரி. பெரிய பாத்திரம் வேறு இல்லாததால், ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் வாளியில் மாவை ஊற்றி உள்ளே வைத்தேன்.

காலையில் எழுந்ததும் வான்கோழி ஞாபகம்தான். ஓவனை முன்னூற்று இருபத்தைந்து டிகிரியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திறந்து பார்க்கவில்லை. குளித்துக்கொண்டிருக்கும்போதே புகை அலாரம் அலற ஆரம்பித்தது. துண்டோடு ஓடி வந்தால் ஹால் முழுக்கக் கரும்புகை. மகள் நாற்காலியில் ஏறி, தலையணையால் அலாரத்தை விசிறிக்கொண்டு நின்றாள். ஓவனை அணைத்துவிட்டு ஜன்னலை எல்லாம் திறந்தேன். புகை அடங்கிய பிறகு பார்த்தால் வாளி உருகிக் கம்பி வழியாக ஒழுகியிருந்தது. மாவு பாதி வெந்து, வாணலியையும் குக்கர் மூடியையும் சேர்த்து அணைத்தபடி பொங்கி உட்கார்ந்திருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அலாரத்தைத் திட்டினேன், வாளியைத் திட்டினேன், இந்தப் பண்டிகையை ஏற்படுத்தியவர்களைத் திட்டினேன். மகள் ஓவனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, யூ மேட் எ ஜயன்ட் இட்லி” என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் உட்கார்ந்துவிட்டேன். பிரிந்த பிறகு அந்த அபார்ட்மென்டில் நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. துண்டோடு, குளிரில், ஜன்னலெல்லாம் திறந்து கிடக்க.

சிரித்து முடித்ததும் கடிகாரம் தெரிந்தது. ஓவன் ஆற வேண்டும், பிளாஸ்டிக்கைச் சுரண்டி எடுக்க வேண்டும், நாற்றம் போக வேண்டும். இருவரும் கையில் ஆளுக்கொரு கரண்டியோடு முட்டி போட்டுச் சுரண்டினோம். காலி ஓவனைச் சூடேற்றி, புகை வராது என்று தெரிந்துகொண்டு, வான்கோழியை உள்ளே தள்ளும்போது மத்தியானம் ஒரு மணி தாண்டிவிட்டது. அவள் அம்மா வருவது ஐந்துக்கு. வேகுமா என்று எனக்கே தெரியவில்லை. சூட்டை ஏற்றி விரைவாக முடித்துவிடலாமா என்று கை பரபரத்தது. வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தால் என்ன செய்வது என்று பயந்து விட்டுவிட்டேன். குழந்தைக்கு வயிற்றைக் கெடுத்து அனுப்பினால் அதைவிட வேறு வினை வேண்டாம்.

வெந்ததா இல்லையா என்று பார்க்க ஒரு தெர்மாமீட்டர் வாங்கியிருந்தேன். ஊசி மாதிரி நீளமாக இருக்கும், கறியில் குத்தினால் எண் காட்டும். நூற்று அறுபத்தைந்து காட்டினால் சாப்பிடலாம். நம் ஊரில் பாரன்ஹீட் என்றால் காய்ச்சல் பார்ப்பதற்கு மட்டும்தானே. நூற்று மூன்றுக்கே வீட்டில் எல்லோரும் அலறுவோம். ஆக, அந்தக் கோழியின் நெஞ்சில் ஊசியைக் குத்தி, நூற்றுப் பத்து, நூற்று இருபது என்று பார்க்கும்போது எனக்கு என்னவோ போல் இருந்தது. மகள் உருளைக்கிழங்கை மசித்தாள். மேஜை மேல் போர்வை ஒன்றை விரித்தாள். இருந்த இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, அவற்றுக்கு முன்னால் இரண்டு தட்டுகள் வைத்தாள். வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் எண் நூற்று அறுபத்தைந்தைத் தொட்டது. “வெந்துருச்சு!” என்று நான் கத்தினேன். அதே நேரம் அவள் அம்மாவிடமிருந்து மெசேஜ். கீழே காரில் இருக்கிறாளாம். எப்போதும் அப்படித்தான், மேலே வர மாட்டாள், காரிலேயே இருந்துகொண்டு ‘ஹியர்’ என்று ஒரு சொல் அனுப்புவாள். நான் என்ன பதில் போடுவது என்று யோசிப்பதற்குள் மகள் போனை எடுத்துவிட்டாள். “மாம், கம் அப்! யூ ஹாவ் டு ஸீ இட்.”

வந்தாள். வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள். “என்னது, பிளாஸ்டிக் வாசம்?” மகள் ஒன்று விடாமல் சொன்னாள், துண்டு உட்பட. அவள் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நேராக ஓவனிடம் போனாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் சாப்ட்வேர் எழுதுகிறவன். அவள் எழுதியதைச் சோதிக்கிறவள், டெஸ்டிங். நான் முடிந்தது என்பேன், அவள் இன்னும் முடியவில்லை என்பாள். எங்கள் கல்யாண வாழ்க்கை நெடுக நடந்த விவாதம் இதுதான், மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

“எங்க குத்திப் பாத்தீங்க?” என்று கேட்டாள். என்னிடமே, தமிழில் கேட்டாள்.

“நெஞ்சுல. நூத்தி அறுபத்தஞ்சு. வேணும்னா நீயே பாரு.”

“தொடைல பாத்தீங்களா?”

அவள் என் கையிலிருந்து ஊசியை வாங்கி, தொடையும் உடம்பும் சேரும் இடத்தில், எலும்பில் படாமல் சாய்த்துக் குத்தினாள். எண் ஏறி நூற்று நாற்பத்தெட்டில் நின்றது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எண் அசையவில்லை.

“இது ஆவல” என்றாள்.

எனக்குப் பழைய கோபம் அப்படியே எழுந்தது. “அஞ்சு மணிக்குக் கிளம்பணும்னு நீதான சொன்ன? நெஞ்சுக்கறிய மட்டும் வெட்டி ரெண்டு வாய் குடுத்துட்டா ஆச்சு. அவ கெளம்பட்டும்.” மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த பேச்சு அது. அடுத்து என்ன வரும் என்றும் தெரியும்.

அவள் அம்மா ஓவன் பக்கம் திரும்பினாள். நெஞ்சுப் பக்கம் காய்ந்துவிடாமல் இருக்க அலுமினியத் தாளை எடுத்து மூடி, தட்டை உள்ளே தள்ளி, ஓவனைச் சாத்தினாள். போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். “அண்ணா, நீங்கெல்லாம் சாப்பிட்டுருங்க. நாங்க வர லேட்டாவும்... இல்லீங்கண்ணா, டிராபிக் எல்லாம் இல்ல. டர்க்கி இன்னும் வேவல.”

பிறகு நாங்கள் காத்திருந்தோம். படுக்கையறையிலிருந்து என் ஆபீஸ் நாற்காலியை மகள் உருட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாவது தட்டை நான் எடுத்து வைத்தேன். அவள் அம்மா சும்மா உட்கார மாட்டாத ஆள். சிங்க்கில் கிடந்ததைத் தேய்க்க ஆரம்பித்தாள். உருளைக்கிழங்கில் உப்புப் பார்த்தாள். “கரண்டி எங்க இருக்கு?” என்று கேட்டாள். ஈரோட்டிலும், வந்த புதிதில் நியூ ஜெர்சியிலும், பிறகு இங்கேயும் நான் வாழ்ந்த எல்லா அடுப்படிகளையும் அடுக்கியவள் அவள். கரண்டி எங்கே இருக்கிறது என்று நான்தான் அவளைக் கேட்டுக் கேட்டுத் திட்டு வாங்குவேன். இழுப்பறையைக் காட்டினேன்.

ஊசியைத் தொடையிலேயே விட்டு, ஓவன் கண்ணாடி வழியே எண்ணைப் பார்க்கலாம். மகள் தரையில் உட்கார்ந்து அதை அறிவித்துக்கொண்டிருந்தாள். நூற்று ஐம்பத்திரண்டு. நூற்று ஐம்பத்தைந்து. அவளுக்கு அது சீக்கிரம் ஏற வேண்டும். எனக்கு ஏறவே கூடாது. இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்: அந்த எண் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று ஒவ்வொரு டிகிரிக்கும் வேண்டிக்கொண்டேன். வெளியே இருட்டிவிட்டது. ஜன்னலில் நீராவி படிந்திருந்தது. சிங்க்கில் தண்ணீர் ஓடும் சத்தம், தரையில் ஒரு குழந்தை, அடுப்பில் வேகிற கறி. ஊரில் உள்ள எல்லா வீட்டிலும் இருப்பதுதான். எங்களிடமும் இருந்தது. அது திரும்ப வேண்டும் என்று என் உடம்பே ஏங்கியது. திரும்ப வராது என்று இருவருக்கும் தெரியும். பிரிந்ததற்குக் காரணங்கள் இருந்தன, அவை அப்படியேதான் இருந்தன. தெரிந்தும் ஏங்கினேன்.

“ஒன் சிக்ஸ்டி ஃபைவ்!” என்று மகள் துள்ளி எழுந்தாள். வெளியே எடுத்தோம். உடனே வெட்டக் கூடாது, இருபது நிமிடம் ஆறவிட வேண்டும் என்று அவளே சொன்னாள். அந்த வீடியோ எடுத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

சாப்பிட்டோம். கத்தி மழுங்கல், கறியை வெட்டினேன் என்பதைவிடப் பிய்த்தேன் என்பதுதான் உண்மை. நெஞ்சுக்கறி நான் பயந்த மாதிரியே பஞ்சு. தொடைக்கறி மட்டும் எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தது, சாறு தெளிவாக ஓடியது. “உப்புப் பத்தல” என்றாள் அவள் அம்மா. ஊறுகாய் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். எடுத்துக்கொண்டாள். மகள் கோழிக்காலைக் கையில் பிடித்தபடி போட்டோ எடுக்கச் சொன்னாள். அந்தப் போட்டோவில் ஓரத்தில் என் தோளும் அவள் அம்மாவின் கையும் இருக்கின்றன.

கிளம்பும் நேரம். மிச்சக் கறியை டப்பாவில் போட்டுக் கொடுக்க நான் தேடிக்கொண்டிருந்தேன். மகள் ஷூவில் காலை நுழைத்தபடி, “அந்த அதர் லெக்கை எனக்கு வெச்சிரு அப்பா. ஐ வில் ஈட் இட் வென் ஐ கம்” என்றாள்.

நானும் அவள் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்த வார இறுதி தாய்மாமாவோடு. என் முறை அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான். வெந்த கறி ப்ரிட்ஜில் நாலு நாள் தாங்கும், அதற்கு மேல் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. இது எனக்கும் தெரியும், சோதித்தே பழகிய அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஃப்ரீசரில் போட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“அதுக்குள்ள கெட்டுப் போயிரும்” என்றாள் அவள், எனக்கு முந்திக்கொண்டு. என்னைப் பார்க்கவில்லை; கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். “திங்கக்கெழம ஸ்கூல் முடிஞ்சதும் கூட்டிட்டு வரேன். பிள்ள ஆசப்பட்டத சாப்பிட்டுட்டு வரட்டும்.”

ஃப்ரீசர் என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாததல்ல. நான் வாயை மூடிக்கொண்டேன்.

“சரி” என்றேன். “நீயும் வந்து சாப்பிடு.”

“பாக்கலாம்” என்றாள். மகள் அதற்குள் லிப்ட் பொத்தானை அழுத்திவிட்டாள்.

அவர்கள் கார் ஃப்ரீவே பக்கம் திரும்பும் வரை பால்கனியில் நின்றேன். உள்ளே வந்து அந்தக் காலைத் தாளில் சுற்றி, ப்ரிட்ஜில் நல்ல குளிர் இருக்கிற கீழ்த்தட்டில் வைத்தேன். இருபது வருடமாக வேலைக்குப் போகிறேன். திங்கட்கிழமை எப்போது வரும் என்று நான் ஏங்கியது அந்த ஒரு வாரம்தான்.